அந்தமானுக்குப் போகாத ரங்கன்

அந்தமானுக்குக் கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், ரங்கன் போய்க் காப்புக் கயிற்றுக்குக் கையை நீட்டிவிட்டான். வேறு யாராவது செய்திருந்தால் கிறுக்குப் பயல் என்று சொல்லிவிட்டு ஊர் அடுத்த வேலையைப் பார்த்திருக்கும். ரங்கன் அப்படி இல்லை. ஜவ்வாது மலையில் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட நிலத்தகராறுக்கு யோசனை கேட்டு வருகிற ஆள். அவன் தெரியாமல் செய்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

காப்பு என்றால் விளையாட்டு இல்லை. காளியம்மன் திருவிழாவுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவன் கோயிலிலேயே படுக்க வேண்டும், ஒருவேளைச் சோறுதான் தின்ன வேண்டும், திருவிழா முடிந்து கயிற்றை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது பஸ் நிற்கும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஓடும் ஓடை. ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறவே முடியாதவன் அந்தமான் விமானத்தில் எப்படி ஏறுவான்?

அந்தமானில் இருப்பது அவன் மகள் கல்பனா. வேலூரில் ஓட்டல் படிப்புப் படித்துவிட்டு, போர்ட் பிளேரில் ஒரு ஓட்டலுக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் கூட வேலை பார்த்த ராஜ்குமாரைக் கட்டிக்கொண்டாள். வேறு ஜாதிப் பையன். சொல்லாமல் கொள்ளாமல் நடந்த கல்யாணம். செய்தி வந்த அன்று ரங்கன் கோயில் முன்னால் நின்று, எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினான். கோபம் அவனுக்கு ஒரு வருஷத்தில் ஆறிப்போய்விட்டது. ஆனால் கத்தியது ஊர்க் காதில் விழுந்துவிட்டதே! அந்த ஊரில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. இப்படிப் போன பெண் திரும்ப ஊருக்குள் கால் வைப்பதானால், அப்பன் தன் வாயால் அவளை அழைத்திருக்க வேண்டும். அழைத்துவிட்டால் அப்புறம் ஒருத்தரும் பேச மாட்டார்கள். தாய் அழைத்தது கணக்கில் வராது.

ஆறிப்போன கோபத்தை ஒத்துக்கொள்ள ரங்கனுக்கு மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. பேத்தி பிறந்து, அதற்குச் செல்லியம்மாள் என்று ரங்கனின் தாய் பெயரைக் கல்பனா வைத்திருக்கிறாள் என்று மனைவி அம்சவல்லி வந்து சொன்னபோது, அவன் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய் வெகுநேரம் அங்கேயே நின்றான். அதன் பிறகுதான் போனில் பேச ஆரம்பித்தான். பேச்சு என்றால், "சாப்ட்டியா?", "மழை பேஞ்சிச்சா?" அவ்வளவுதான். 'வா' என்கிற ஓரெழுத்து மட்டும் அவன் வாயில் வரவில்லை.

அதனால் கல்பனாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பாவையும் அம்மாவையும் தீவுக்கு வரவழைத்துவிடுவது! வேலை செய்கிறவர்களின் பெற்றோருக்கு ஓட்டலில் இரண்டு ராத்திரி ரூம் கொடுத்தார்கள். விமான டிக்கெட்டை அவளே எடுத்துவிட்டாள். இரண்டு ராத்திரி, மூன்று பகல்.

"இங்க வந்து களைப்பா இருக்குதுன்னு படுத்துடாதப்பா" என்று போனில் ஏழு தடவையாவது சொல்லியிருப்பாள். "இருக்கறதே கொஞ்ச நேரம். ஒரு நிமிசம் வீணாக்கக் கூடாது. வந்து எறங்குனதும் கடலுக்குப் போறோம். மறுநாள் போட்ல ஏறி இன்னொரு தீவு. அடியில கண்ணாடி வச்ச போட்டுப்பா, கீழ மீனு போறது தெரியும்."

"கண்ணாடி ஒடஞ்சா?"

"ஒடையாதுப்பா!"

ரங்கனுக்குள் ஆசை புகுந்துகொண்டது. புளி உலுக்குகிற மரத்தடியில், டீக்கடையில், எங்கே நாலு பேர் நின்றாலும் கண்ணாடிப் படகைப் பற்றி ஏற்கனவே போய் வந்தவன் மாதிரி விவரித்தான். பேத்திக்கு மலைத்தேன் பாட்டிலில் அடைத்து வைத்தான். ஒடுகத்தூருக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பேன்ட் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தான். அம்சவல்லி கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான், வைகாசிக் கடைசியில் நடக்க வேண்டிய திருவிழாவைச் சித்திரையிலேயே நடத்தச் சொல்லி அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டதாகப் பூசாரி சக்கரவர்த்தி சொன்னான். கரகம் தூக்குவது ரங்கன் வீட்டு முறை. இருபது வருஷத்துக்கு மேலாக அவன்தான் தூக்குகிறான். அதற்கும் வழி செய்தாயிற்று. இந்த வருஷம் தம்பி கோபால் காப்புக் கட்டிக்கொள்வான் என்று முடிவு செய்து, ஊரும் தலையாட்டிவிட்டது.

காப்புக் கட்டும் அன்று கோபால் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலில் நின்றான். சும்மா பார்க்க வந்த ரங்கன் பக்கத்தில் நின்றான். மேளம் முழங்கியது. சாம்பிராணிப் புகை எழும்பியது. பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்து, அம்மன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், "கரகத்து வூட்டுக் கை!" என்று குரல் கொடுத்தான். தீர்த்தம் கொடுக்க வந்தால் நம் கை தானாகக் குழிகிறது இல்லையா? அப்படி ரங்கனின் வலது கை போய்விட்டது. கோபாலும் நீட்டினான்தான். ஆனால் அண்ணன் கை முந்திவிட்டது. வருஷா வருஷம் கட்டிய கை என்பதால் பூசாரியின் விரலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று முடிச்சும் விழுந்து, பெண்கள் குலவை போட்டு ஓய்ந்த பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

ரங்கனும் அப்போதுதான் பார்த்தான்.

"சக்கரவர்த்தி, அவுத்துடு. தெரியாத்தனமா நீட்டிட்டேன்."

"இன்னாண்ணா பேசற?" பூசாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கட்டுனத அவுத்தா திருவிழாவே நின்னுபூடும். அம்மாவ எழுப்பி ஒக்கார வச்சிட்டு, போய்ப் படுத்துக்கோன்னு சொல்லச் சொல்றியா?"

"என் பொண்ணப் பாக்கணும்டா."

"எனக்கு மட்டும் தெரியாதா? நான் இன்னாண்ணா பண்ணுவேன்? நீ எதுக்குக் கைய நீட்டுன?"

ரங்கன் ஊர்ப் பெரியவர்களிடம் போனான். அவர்களும் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தர் மீதும் குற்றம் சொல்ல வழியில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள்.

அம்சவல்லி கோயில் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஒனக்குப் போவ இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே. சாமி பின்னால போய் ஒளிஞ்சுக்கணுமா?"

"சத்தியமா தெரியாமத்தான் அம்சா. கை தானா..."

"ஒன் கை ஒன்னக் கேக்காமயே நீளுமா?"

நீண்டதே! அதை எப்படி நிரூபிப்பான்? அன்று முழுக்கக் கோயிலில் உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்க அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் இருந்தது உண்மைதான். விமானம் என்றால் உள்ளங்கால் கூசியதும் உண்மைதான். அந்தப் பயம்தான் கையைப் பிடித்துத் தள்ளியதா? கடவுளே, அப்படி இருக்கக் கூடாது என்று அம்மனிடமே வேண்டிக்கொண்டான்.

கல்பனாவிடம் அம்சவல்லிதான் போனில் சொன்னாள். காரணத்தை இரண்டு தடவை கேட்டாளாம். அப்புறம், "சரிம்மா, நீயாவது வா" என்றாளாம்.

கிளம்பும் நாளன்று ரங்கன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடை வரைக்கும் வந்தான். புளி, சாமை அரிசி, தேன், பேத்திக்கு வாங்கிய கொலுசு என்று பை கனத்தது. ஓடைக்கரையில் வைத்துவிட்டு நின்றான். வேலூருக்கு அந்தப் பக்கம் போயே அறியாத மனுஷி, தனியாகப் போகிறாள். வேலூரில் கல்பனாவின் சிநேகிதி சுவேதா காத்திருந்து சென்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அம்சவல்லி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"பாத்துப் போ" என்றான் ரங்கன்.

அவள் "உம்" என்றாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால்தான் டவர் கிடைக்கும் என்பதால், ரங்கன் மூச்சு வாங்க ஏறிப் படம் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தான். திரை முழுக்க நீலம். அந்த நீலத்தில் முழங்கால் வரை நின்றுகொண்டு அம்சவல்லி சிரித்தாள். அலை வந்து அடிக்க, ஐயோ என்று கத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பேத்தி பாட்டியின் முந்தானையைப் பிடித்து இழுத்தது. தேன் பாட்டிலை வந்த உடனேயே காலி செய்துவிட்டதாம். கண்ணாடிப் படகில் போனார்களாம். கல்பனா சொன்ன மாதிரியே ஒரு நிமிஷத்தையும் வீணாக்கவில்லை.

ரங்கனுக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் அங்கே இல்லையே என்று நெஞ்சு எரியவும் செய்தது. ஒரே சமயத்தில் இரண்டும் எப்படி வருகிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

"மீனு பாத்தியா அம்சா?"

"கலர் கலராப் போவுதுய்யா!"

அவள் கோபத்தை மறந்திருந்தாள். பிறகு போன் கல்பனா கைக்குப் போனது. நாலு வருஷம் கழித்து மகளின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான். கன்னம் வற்றியிருந்தது. அவள் கூட்டத்தை விட்டுத் தள்ளி நடந்து வந்து நின்றாள்.

"திருவிழால்லாம் எப்படிப்பா நடக்குது?"

"நல்லா நடக்குது. நாளன்னைக்கு கரகம் ஊர்வலம். அன்னைக்கே காப்பு அவுக்கறது."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. கட்டிக்குடுத்த பொண்ணுங்கல்லாம் புள்ளைங்களக் கூட்டிக்கினு வந்துட்டாங்க. ஊரே நெறஞ்சு கெடக்குது."

"ஓ" என்றாள் கல்பனா. போனை முகத்துக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள். "வேற இன்னாப்பா?"

வேற என்ன என்றால், ஆயிரம் இருந்தது. கைகூட என் பேச்சைக் கேட்கவில்லையம்மா என்று சொல்ல வேண்டும். பேன்ட் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். செல்லி என்று நீ பெயர் வைத்ததற்கு மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன் என்று சொல்ல வேண்டும். கீழே பாறை ஓரத்தில் வேறு யாரோ டவருக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வேற ஒண்ணுமில்ல. ஒடம்பப் பாத்துக்கோ."

"அவ்வளோதானா?"

"டவர் வுட்டு வுட்டு வருதும்மா."

"சரிப்பா. வெச்சிடறேன்."

டவர் நன்றாகத்தான் இருந்தது.

கரகம் புறப்படும் நாள் நண்பகலில் அம்சவல்லி திரும்பி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பையை வீட்டில் வைத்துவிட்டு நேரே கோயிலுக்கு வந்து, பூக்கட்டிக்கொண்டிருந்த ரங்கனைத் தனியாக அழைத்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தான். அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"போறதுக்கு நம்ம ரெண்டு பேருக்கு டிக்கெட்டு போட்டிருந்தா இல்ல?"

"ஆமா."

"வர்றதுக்கு நாலு பேருக்குப் போட்டிருந்தாய்யா. அவளுக்கும் கொழந்தைக்கும் சேத்து. மருமவன்தான் லீவு வாங்கிக் குடுத்து, நீ போய் ஒரு மாசம் இருந்துட்டு வான்னு சொன்னாராம். நீ அங்க வந்தா எப்படியும் வாயத் தொறந்து கூப்புடுவ, ஒங்கூடவே வந்துடலாம்னு துணிமணி எல்லாம் மடிச்சு வச்சிருந்தா."

ரங்கன் கையிலிருந்த பூச்சரம் கீழே விழுந்தது.

"நீ காப்புக் கட்டிக்கினன்னு தெரிஞ்சும் அவ டிக்கெட்டக் கேன்சல் பண்ணல. போன்லயாவது கூப்புடுவாருன்னு பாத்திருக்கா. ஒங்கிட்டப் பேசி முடிச்சிட்டு வந்துதான் பெட்டியப் பிரிச்சா."

"நீ கூப்ட வேண்டியதுதானே!"

"கூப்ட்டேன். அப்பா கூப்ட்டாருன்னு பொய்கூடச் சொல்லியிருப்பேன். நீ பேசனத அவதானே கேட்டா? பொய் எப்படிச் சொல்லுவேன்?" அம்சவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பிளேன்ல என் பக்கத்துல ஒங்க மூணு பேரு சீட்டும் காலியாவே வந்துச்சுய்யா. கண்ண மூடிக்கினே வந்தேன்."

ரங்கன் பாறைப் பக்கம் திரும்பினான். ஓடி ஏறி, இப்போதே கூப்பிட்டால்? இப்போது கூப்பிட்டால் வருவாளா? டிக்கெட் போச்சு. லீவு போச்சு. பெட்டியையும் பிரித்துவிட்டாள். யோசிப்பதற்குள் மேளம் எழுந்துவிட்டது. கோபாலும் பூசாரியும் வந்து ஆளுக்கொரு தோளைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பூச்சுற்றிய கரகத்தைத் தலையில் ஏற்றினார்கள்.

கரகம் வீடு வீடாக நின்றது. ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுக்குப் பிறந்த பெண்கள் மஞ்சள் தண்ணீரை அவன் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கி அவன் முன்னால் நீட்டினார்கள். ரங்கன் எல்லாப் பிள்ளைகளுக்கும் விபூதி பூசினான். நல்லாயிரு, நல்லாயிரு என்று வாய் சொல்லிக்கொண்டே போனது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதைப் பார்த்த கிழவிகள், அம்மன் நன்றாக இறங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கடைசியாக அவன் வீட்டு வாசல். அங்கே தண்ணீர் ஊற்றப் பெண் இல்லை. அம்சவல்லியே குடத்தை எடுத்து ஊற்றினாள்.

"வாம்மா" என்றான் ரங்கன்.

ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி, சத்தமாகத்தான் சொன்னான். சாமி ஏதோ வாக்குச் சொல்கிறது என்று நினைத்து எல்லோரும் குலவை போட்டார்கள்.