பெருநாளன்று கீழ்க்குழியில்

குர்பான் பெருநாள் விடுமுறையிலும் வேலைக்கு வரலாமா என்று ரெஃபிக் கேட்டபோது, பராமரிப்புப் பிரிவு ஃபோர்மன் ஃபெரிதுனுக்கு அது புதிதாக இல்லை. வருஷா வருஷம் நடப்பதுதான்.

"வா. ஆனா ஒண்ணு. மேல இருக்குற ரோலருக்கெல்லாம் கிரீஸ் அடி, பெல்ட்டைப் பாரு, தேஞ்சது எதுன்னு குறிச்சு வை. கீழ்க்குழிக்கு மட்டும் தனியா இறங்காதே. மூணாம் நாள் நான் வர்றேன், ரெண்டு பேரா இறங்கலாம்" என்றார்.

"சரிங்க" என்றார் ரெஃபிக்.

கஸ்தமோனு மலைச்சரிவில் இருந்தது அந்தப் பலகை ஆலை. காட்டிலிருந்து வரும் பைன் கட்டைகளைச் சீவி, சில்லாக்கி, நீண்ட கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி, சைலோ என்ற சேமிப்புக் கோபுரத்துக்கு அனுப்புவார்கள். கீழே தரைக்கு அடியில் ஒரு குழியில் தொடங்கும் அந்தப் பெல்ட், சரிவாக ஏறி, நாலு மாடி உயரத்தில் போய்க் கொட்டும். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெல்ட்டைக் கவனித்துக்கொண்டவர் ரெஃபிக். எந்த ரோலர் எப்போது முனகும் என்று அவருக்குத் தெரியும். மனிதர்கள் விஷயத்தில்தான் அந்தக் காது வேலை செய்வதில்லை என்று பிரிந்துபோன மனைவி ஒருமுறை சொல்லியிருந்தாள். அவள் இப்போது புர்சாவில் வேறொருவரோடு நன்றாக இருந்தாள்.

பெருநாள் காலையில் வாசல் கூண்டில் காவலாளி யாஷார் மட்டும் இருந்தான். வாயாடி. வீடு நிறையப் பிள்ளைகள், மாமியார், மச்சினன் என்று எப்போதும் யாரையாவது பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பான். ஆலையில் எல்லாரையும் போல அவனும் ரெஃபிக்கை உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்றுதான் கூப்பிடுவான். ரெஃபிக்குக்கு அவனைக் கண்டாலே எரிச்சல்.

"என்ன உஸ்தா, பெருநாள் அன்னைக்குமா? வீட்டுல விரட்டி விட்டுட்டாங்களா?"

வேடிக்கையாகத்தான் கேட்டான். ஆனால் ரெஃபிக்குக்கு எங்கோ சுருக்கென்றது.

"மத்தியானம் தம்பி குடும்பத்தோட அங்காராவுலேர்ந்து வர்றான். வீட்டுல விருந்து. அதுக்குள்ள கொஞ்சம் வேலையை முடிச்சுட்டு, பின்பக்கம் கட்டை முற்றத்துக் கதவு வழியா அப்படியே போயிருவேன்."

"அப்படிப் போடுங்க! நான்தான் இங்க ஈ ஓட்டணும்" என்றான் யாஷார்.

தம்பி வரப்போவதில்லை. அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது. அம்மா இருந்தவரை பெருநாளுக்குப் பெருநாள் வந்தான். அம்மா போனபிறகு ஒரு வருஷம் வந்தான், மறு வருஷம் போன் செய்தான், அதற்கடுத்த வருஷம் வாழ்த்துப் படம் ஒன்றை அனுப்பினான். பிறகு அதுவும் இல்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாதபடி எல்லாம் தானாக மெலிந்துபோனது.

ரெஃபிக் மோட்டார் சுவிட்சை இறக்கி, தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெல்ட்டை ஒட்டிய நடைபாதையில் கிரீஸ் கன்னோடு மேலே ஏறினார். ஒவ்வொரு ரோலரையும் கையால் சுழற்றிவிட்டுக் காது கொடுத்தார். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்து, கந்தல் துணியால் துடைத்தார். எந்திரம் ஓடாத ஆலையில் தகரக் கூரைமேல் புறா நடப்பது கூடக் கேட்டது. கீழே ஊர்ப் பக்கமிருந்து யாரோ குழந்தைகள் வெடி வெடிக்கும் சத்தம் வந்தது.

நினைத்ததைவிடச் சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது. அதுதான் வினை.

வீட்டுக்குப் போகலாம். போனால், நடு மத்தியானம். கீழ் மாடிகளில் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கும். குழந்தைகள் பெரியவர்கள் கையை முத்தமிட்டு மிட்டாய் வாங்குவார்கள். அவர் வீடு கடைசி மாடி. அவ்வளவு தூரம் எந்தக் குழந்தையும் ஏறி வருவதில்லை. போன வருஷம் வாங்கிய மிட்டாய்ப் பெட்டியைத் திறக்காமலேயே ஆலைக்குக் கொண்டுவந்து டீ மேசையில் வைத்துவிட்டார்.

கோட்டைக் கழற்றி ஏணி உச்சியில் மாட்டிவிட்டு, கடப்பாரையோடு கீழ்க்குழிக்குள் இறங்கினார்.

உள்ளே ஈர மரத்தின் வாடையும் பிசின் வாடையும் மூக்கை அடைத்தன. மேலே இருந்த கம்பிவலை வழியாக வெயில் கட்டம் கட்டமாக விழுந்தது. பெல்ட்டின் அடி டிரம்மில் மரச்சில்லும் பிசினும் இறுகி, அடுப்பில் தீய்ந்த ரொட்டி மாதிரி அப்பிக் கிடந்தன. விடுமுறைக்கு ஓடும் அவசரத்தில் பெல்ட்டைக் காலி செய்யாமலே நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். சரிவு முழுக்க மழையில் நனைந்த சில்லு. பெல்ட் பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்ளும் பல் உச்சியில் இருந்தது. அது தேய்ந்துவிட்டது என்பதும், புதியது விடுமுறை கழித்துத்தான் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். இறங்குமுன் மேலே பெல்ட்டை இடுக்கி போட்டுக் கட்டவேண்டும். ஒழுங்குப்படி அது ரெண்டு ஆள் வேலை. பெல்ட்டைப் பார்த்தார். அசையாமல் நின்றது. இவ்வளவு நேரம் நின்றது, இன்னும் கொஞ்சம் நிற்காதா?

இடது கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். அந்தக் கட்டிதான் இத்தனை நேரம் ஆப்பு மாதிரிப் பெல்ட்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்று புரிந்தபோது கட்டி பெயர்ந்து விழுந்துவிட்டது. பெல்ட் பின்னால் சரிந்தது. ஒரு சாண்தான். அந்த ஒரு சாணில் அவருடைய கையுறையையும் கையையும் டிரம்முக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இழுத்துக்கொண்டு நின்றது.

மோட்டாருக்குப் பூட்டுப் போட்டிருந்தார். மேலே கிடந்த பாரத்துக்குப் போடவில்லை.

முதலில் வலி தெரியவில்லை. பிறகு தெரிந்தது. கத்தினார். அந்தக் குழியில் சுவரெல்லாம் மரத்தூள். கத்தியது பஞ்சில் குத்தியது போல அமுங்கிப்போனது. கடப்பாரை எட்டாத தூரத்தில் விழுந்திருந்தது. காலை நீட்டிப் பார்த்தார். கால் விரல் தொட்டது, இழுக்க முடியவில்லை.

யார் தேடி வருவார்கள் என்று யோசித்தார். யாஷார், தான் கட்டை முற்றத்து வழியாகப் போய்விட்டதாக நினைத்திருப்பான். வீட்டில் தேட ஆளில்லை. ஃபெரிதுன் மூன்றாம் நாள் வருவார். ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்ததில் எண்ணுவதற்கே வேலை இல்லாமல் போயிற்று.

அப்போது மேலே கோட்டுப் பையில் போன் அடித்தது.

அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி அடித்தது. தம்பியாகத்தான் இருக்கும் என்று ரெஃபிக்குக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, நிச்சயமாகவே நம்பினார். இன்றைக்கென்று நினைப்பு வந்திருக்கிறது பாரு. "எடுக்குறேன்டா, இரு, வெச்சிராதே" என்று வாய்விட்டுச் சொன்னார். போன் ஓய்ந்தது. கட்டம் கட்டமான வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. தலை சுற்றி, கண் சொருகும்போதெல்லாம் அந்த மணி மறுபடி அடித்து அவரை எழுப்பியது.

கடைசியாக அது அடித்தபோது அதோடு செருப்புச் சத்தமும் கேட்டது.

"யாருடா அது, போனை இங்க போட்டுட்டுப் போனது? வாசல் வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கு!" என்று யாஷார் குரல். "உஸ்தாவோட கோட்டு மாதிரி..."

"யாஷார்! கீழ!"

எட்டிப் பார்த்தவன் முகம் வெளிறிப்போனது. "அல்லாஹ்வே" என்றவன், அவசர உதவிக்குப் போன் செய்துவிட்டு, நின்ற இடத்திலேயே தவித்தான். "சுவிட்சைப் போடட்டுமா உஸ்தா? எதைத் தொடணும் சொல்லுங்க!"

"எதையும் போடாதே! தூண்ல செயின் பிளாக் தொங்குது பாரு, அதை எடு. பக்கத்துல இரும்பு இடுக்கி. பெல்ட்டுல மாட்டி, மேல் உத்தரத்துல கொக்கியைப் போட்டு இழு. மெதுவா."

"இடுக்கின்னா இதுவா? இந்தக் கரடி வாய் மாதிரி இருக்குறதா?"

"அதான். ரெண்டு போல்ட்டும் இறுக்கு. நல்லா இறுக்கு, உன் மாமியாரை நினைச்சுக்கோ."

யாஷார் அழுகிற மாதிரியே சிரித்தான். சங்கிலி கடகடவென்று ஓடியது. பெல்ட் மயிரிழை மயிரிழையாக மேலேறியது. கை விடுபட்டதும் ரெஃபிக் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். யாஷார் குதித்து இறங்கி, தன் சட்டையைக் கழற்றி அந்தக் கையைச் சுற்றிக் கட்டினான்.

"உங்க தம்பி நம்பர் எது? வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்களே!"

ரெஃபிக் தரையைப் பார்த்தார்.

"யாரும் வரல. சும்மா சொன்னேன்."

யாஷாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மாவா? எதுக்குய்யா சும்மா சொன்னே? என் பொண்டாட்டி உனக்கும் சேர்த்துத்தான் கறி கட்டிக் கொடுத்தா! உனக்குத்தான் வீட்டுல விருந்தாச்சேன்னு ரெண்டு பங்கையும் நானே தின்னேன்! நீ உண்மையைச் சொல்லியிருந்தா மத்தியானமே சாப்பிடக் கூப்பிட வந்திருப்பேனே, மனுஷா!" என்று கத்தியவன், மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினான்.

மருத்துவமனையில் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மற்றவை பிழைக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. நேற்று வந்த அதே எண். பெயர் எதுவும் இல்லை. தம்பி எண் மாற்றியிருக்கலாம். ரெஃபிக் வலது கையால் தடுமாறி எடுத்தார்.

"ஹிக்மத்! நேத்தெல்லாம் அடிச்சேனே, ஏன்ப்பா எடுக்கல?" வயதான பெண் குரல்.

"நான் ஹிக்மத் இல்லம்மா. என் பேரு ரெஃபிக்."

"அடடா. மன்னிச்சிருப்பா. அப்போ நேத்து முழுக்க உன்னையா தொந்தரவு பண்ணினேன்?"

"தொந்தரவு இல்லம்மா. நீங்க அடிச்சதாலதான்..." என்று தொடங்கினார். குழி, பெல்ட், கை எல்லாம் அவளுக்கு எங்கே புரியும்? அவள் மூச்சில் இருந்த தவிப்பு வேறு. "யாரும்மா ஹிக்மத்?"

"என் பையன். இஸ்தான்புல்ல இருக்கான். புது நம்பர்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதிக் கொடுத்துச்சு. கண்ணு சரியாத் தெரியல."

"ஒவ்வொரு எண்ணா மெதுவாச் சொல்லுங்க."

சொன்னாள். ஒன்று என்று சொன்ன இடத்தில், "அதுக்குக் குறுக்கே சின்னதா ஒரு கோடு இருக்கா பாருங்க" என்றார்.

"இருக்கு. அழுக்குன்னு நினைச்சேன்."

"அது ஏழும்மா, நடுவுல கோடு போட்டு எழுதியிருக்காங்க. அதைப் போட்டு அடிச்சுப் பாருங்க."

"நல்லா இருப்பா" என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க ரெஃபிக் போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். எண் சரியாக இல்லாவிட்டால் மறுபடி கூப்பிடுவாள். கூப்பிடவில்லை. மகன் எடுத்துவிட்டான் போல. நல்லது என்று நினைத்தார், நிஜமாகவே நினைத்தார். ஆனாலும் ஒவ்வொரு முறை தாழ்வாரத்தில் யாருடைய போனோ அடித்தபோதும் அவர் கண் தலையணைப் பக்கம் போய் வந்தது.

சாயங்காலம் யாஷார் தூக்குப் பாத்திரத்தோடு வந்தான். பின்னால் அவன் பிள்ளைகளில் ரெண்டு வந்து, கட்டுப் போடாத கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, எதற்கோ காத்து நின்றன. கொடுக்க ரெஃபிக்கிடம் மிட்டாய் இல்லை. அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் திரும்பி, மிட்டாய் ஏதாவது இருக்கிறதா என்று வெட்கத்தோடு கேட்டார்.