இறக்குக்கூலி

சுடலைக்கண்ணுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. வக்கீல் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து இன்னும் கோர்ட் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

குறை சொல்ல ஒன்றுமில்லை. வழக்கு சமரசமாக முடிந்திருந்தது. உர குடோனில் மூட்டை தூக்கியவன் அவன். இடுப்பு வலிக்கிறதென்று ஒருநாள் உட்கார்ந்தான். வேலையை விட்டு நிறுத்தினார்கள். இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். நீதிபதி கடைசி வரியை வாசித்தார்: "வழக்குச் செலவை அவரவர் சுமக்க வேண்டும்."

"அம்புட்டுதானா?" என்றான் சுடலைக்கண்ணு. அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை சுமப்பதுதான். துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு குனிந்தான். வக்கீல் ஞானதிரவியம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். மரியாதை தெரிந்தவர்.

கம்பெனி வக்கீலைப் பலகையில் வைத்து ஃபோர்க்லிஃப்ட்டில் கொண்டுபோனார்கள். அவர் போகிற போக்கில் கையசைத்தார்.

வராந்தா நீண்டுகொண்டே போனது. பாரம் ஏறினால் வராந்தா நீளும். குடோனிலும் அப்படித்தான்.

"சார், கேஸ் போடும்போது இம்புட்டு கனம் இல்லியே நீங்க."

"வாய்தாவுக்கு வாய்தா ஏறும்லா. கோட்டுக்குள்ள பாரு, நிகர எடை போட்டிருக்கும்."

"அம்பது கிலோவுக்கு மேல தூக்கச் சொல்லக் கூடாதுன்னு நாமதான சார் எழுதிக் குடுத்தோம்?"

"அது மூட்டைக்குடே. செலவுக்கு இல்ல."

சரியான பேச்சு. இந்த வாய்க்காகத்தான் அவரை வைத்தான்.

குடோன் கேட்டில் வாட்ச்மேன் சமரசப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சைரன் அடிக்கதுக்குள்ள வெறும் முதுகோட வரணும்னு போட்டிருக்கு. ஒன் முதுகுல ஆளு இருக்கே."

"ஆளு இல்ல அண்ணாச்சி. செலவு."

"அப்போ எறக்கி வச்சிட்டு வா. சைரன் அடிச்சா வேலை கெடையாது."

தானே இறக்க முடியாது. சுமக்கிறவன் வேறு, இறக்குகிறவன் வேறு. அதற்குக் கூலியும் வேறு. லாரி நிழலில் உட்கார்ந்திருந்த கொத்தாளத்தைக் கூப்பிட்டான். கொத்தாளம் அவன் மனைவியின் தம்பி, லோடுமேன் சங்கத்தின் செயலாளரும்கூட.

"ஏ மாப்ள, ஒரு கை குடு. சாரை எறக்கணும்."

"எறக்குக்கூலி யாரு குடுப்பா, அத்தான்?"

"என்கிட்டயால கேக்க? ஒங்கக்கா வேலை கெடச்சிட்டுன்னு கடையில சொல்லி அரிசி வாங்கிட்டா."

"அக்கா அக்காதான். சரக்கு சரக்குதான். கூலி வாங்காம எறக்கக் கூடாதுன்னு ரோட்டுல படுத்து உருண்டது யாரு?"

சுடலைக்கண்ணுதான் உருண்டான். 'கூலி விழாமல் மூட்டை விழாது' என்ற கோஷமும் அவன் கட்டியதே. சந்தம் நன்றாக விழுந்திருக்கிறதென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். எதிர்ச் சுவரில் அது இன்னும் சிவப்பாக இருந்தது. அன்றைக்கு இரண்டாவது கோட்டிங் வேறு அடித்திருந்தான்.

"சார், நீங்களா குதிச்சிர முடியாதா?"

"சரக்கு எங்கயாவது தானா குதிக்குமா? சரக்குக்கு உரியவன்தான் எறக்குக்கூலி குடுக்கணும்."

"யாரு உரியவன்?"

"நீதான்."

"ரெண்டு கையும் ஒங்க கால்ல மாட்டியிருக்கு. பையில என்ன கெடக்குன்னு நீங்களே பாருங்க."

வக்கீல் மேலிருந்து அவன் சட்டைப்பையில் கைவிட்டுத் துழாவினார்.

"ஒண்ணுமில்லயேடே. காலையில நான்தான எடுத்தேன். ஏத்துக்கூலி."

"கம்பெனி குடுக்காதா?"

"கேக்கலாம். கேஸ் போடணும்."

வக்கீல் கோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்து, சுடலைக்கண்ணுவின் தலையில் விரித்து எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் கனம் ஏறியது. பத்தி பிரித்தபோது முழங்கால் மடங்கியது.

சைரன் அடித்தது.

கொத்தாளம் லுங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தான். "தப்பா நெனைக்காதிய, அத்தான்."

"நான் என்னத்த நெனைக்க? பெயிண்ட் அடிச்சவனே நான்தான."

கேட் மூடியது. வாட்ச்மேன் கம்பிக்கு வெளியே கைநீட்டி, சுடலைக்கண்ணுவின் நெஞ்சில் சாக்பீஸால் 'லோடு' என்று எழுதினார். அவன் போய்க் கடைசி லாரிக்குப் பின்னால் நின்றான். அடுத்து வந்த லாரி, முன்னால் நகரச் சொல்லி ஹார்ன் அடித்தது. நகர்ந்தான்.

வக்கீல் ஞானதிரவியத்தைக் கீழே இறக்க இறக்குக்கூலி நூற்றிருபது ரூபாய். இன்னும் பாக்கி.