பேக்கரி இருந்த இடம்

எங்கள் மனாகுவா நகரத்தில் தெருவுக்குப் பெயரும் இல்லை, வீட்டுக்கு எண்ணும் இல்லை. இன்ன இடத்திலிருந்து இத்தனை தெரு மேலே, இத்தனை தெரு ஏரிப்பக்கம் என்போம். சூரியன் உதிக்கிற பக்கம் மேலே. அந்த இன்ன இடம் நிலநடுக்கத்தில் விழுந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தாலும் கவலையில்லை. சினிமா கொட்டகை இருந்த இடம், பெரிய மரம் இருந்த இடம் என்று ஒரு ‘இருந்த’ போட்டால் போதும், கண் தெரியாதவன்கூட வந்து சேர்வான். ஐம்பத்திரண்டு வருஷமாக இதே பேட்டையில் குப்பை கொட்டுகிற எனக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தேதான் அந்த ஒரு வார்த்தையை அடித்தேன்.

நாங்கள் நடத்துகிற பெண்கள் வீடு மூன்று அறையும் ஒரு கொல்லையும்தான். லிஹியா வக்கீல். நான் நுபியா, வருகிறவர்களிடம் கேட்டு மனு எழுதுகிறவள். அடி வாங்கிக்கொண்டு வருகிற பெண் நாலு நாள் தங்கலாம், பத்து நாள் தங்கலாம். அதற்கு மேல் கட்டில் கிடையாது, அடுத்தவள் வாசலில் நிற்பாள்.

தமாரிஸ் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். உதடு கிழிந்திருந்தது. இடுப்பில் நாலு வயசு மகள் இதானியா. புருஷன் எராஸ்மோ டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். முன்னாடி மூன்று தடவை அவனை விட்டு வந்து, மூன்று தடவையும் திரும்பிப் போனவள் இவள். அதைச் சொல்லிக்காட்ட என் வாய் சும்மா இருக்குமா?

“இந்தத் தடவையாவது உறைக்குமா, இல்லே ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கூட்டிட்டுப் போக வருவானா?” என்றேன்.

“இந்தத் தடவை நான் போகலக்கா. அவன்தான் போகணும்” என்றாள். “அந்த மனை எங்கம்மாவோடது. அடுப்பு நான் கட்டினது. ஜனங்க பதினாலு வருஷமா அந்த வாசல்லதான் நான் சுடுற சோள ரொட்டி, தோர்த்தியா வாங்குறாங்க. நான் வேற எங்கயாவது போய் உக்காந்தா என்னை யார் தேடிக்கிட்டு வருவா? நாங்க ரெண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடுறது?”

லிஹியாவுக்கு இந்தப் பேச்சு பிடித்துவிட்டது. “அவனை வெளியேத்தச் சொல்லி நீதிபதிகிட்டே உத்தரவு வாங்குவோம். உன் வீட்டுலயே நீ இரு” என்றாள்.

மனுவில் முகவரிக்கு வந்தோம். “பேக்கரி இருந்த இடத்துலேர்ந்து ரெண்டு தெரு மேல, ஒரு தெரு ஏரிப்பக்கம், பச்சைக் கதவு” என்று தமாரிஸ் சொன்னாள். அப்படியே எழுதினேன். அந்த பேக்கரி எரிந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதலாளி அதே பெயரில் ஏழு தெரு கீழே வேறொன்று திறந்துவிட்டான். ரொட்டி மட்டும் அங்கேயும் அதே வறட்டு ரொட்டி.

எழுதிய பிறகுதான் கோர்ட்டு குமாஸ்தாவின் மூஞ்சி ஞாபகம் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்கிற ஜாதி. எங்கேயோ வெளியூரிலிருந்து புதிதாக வந்தவன். போன வாரம் இரண்டு மனுவைத் தூக்கி என் முன்னால் போட்டான். “இல்லாத இடத்தையெல்லாம் கோர்ட்டு காகிதத்துல எழுதாதீங்கம்மா. இருக்கிற இடமா எழுதிக் கொண்டாங்க” என்றான். ஒரு தடவை திரும்பினால் ஒரு வாரம் போச்சு. தமாரிஸுக்கோ கட்டிலே பத்து நாள்தான். அதனால் ‘இருந்த இடத்திலிருந்து’ என்பதை அடித்துவிட்டு ‘பேக்கரியிலிருந்து’ என்று எழுதினேன். ஊர்க்காரப் போலீசுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன். உரக்கப் படித்துக் காட்டினேன். தமாரிஸ் கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தாவும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டான். எனக்குப் பெருமைகூட.

அடுத்த புதன்கிழமை நீதிபதி உத்தரவு போட்டார். எராஸ்மோ உடனே வெளியேற வேண்டும், இருநூறு மீட்டருக்குள் வரக்கூடாது. வியாழக்கிழமை குமாஸ்தாவுக்கு போன் செய்தேன். “போலீஸ் கையில நேத்தே கொடுத்தாச்சு, முடிஞ்சிருக்கும்” என்றான்.

முடிஞ்சிருக்கும் என்பதை நான் முடிஞ்சது என்று தமாரிஸிடம் சொன்னேன். அது என் இரண்டாவது தப்பு.

வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். “அவன் துணியை மட்டும் எடுத்துட்டுப் போயிருப்பானா, இல்லே என் சோளப்பானையையும் சேர்த்துத் தூக்கியிருப்பானாக்கா?” என்று கேட்டாள்.

தனியாக யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை என்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை லிஹியா வேறொரு வழக்குக்காக மசாயா போயிருந்தாள். என் முன்னால் இரண்டு பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். “பகல் பத்து மணிக்கு என்னக்கா பயம்? நான் போய் வீட்டைப் பெருக்கிட்டு வந்து பிள்ளையை அழைச்சுக்கிறேன்” என்று தமாரிஸ் கிளம்பிவிட்டாள். சரி என்று நானும் தலையாட்டினேன்.

போலீஸ்காரர்கள் புது பேக்கரியிலிருந்து இரண்டு தெரு மேலே, ஒரு தெரு ஏரிப்பக்கம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு தையல்காரி வீடு. ‘அப்படி ஒருவர் இங்கு இல்லை’ என்று எழுதி உத்தரவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

தமாரிஸ் பச்சைக் கதவைத் திறந்தபோது எராஸ்மோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான். உத்தரவை மீறி உட்கார்ந்திருக்கிறான் என்று இவள் நினைத்தாள். பையிலிருந்து தன் நகலை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டி, “நீ இங்க இருக்கக் கூடாது” என்றாள். உத்தரவு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். டயர் கழற்றுகிற கம்பி கதவோரம் கிடந்தது. அவள் கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டதால் இரண்டு கையும் முறிந்தன. பக்கத்து வீட்டுக்காரிதான் இதையெல்லாம் எங்களிடம் சொன்னாள். போலீசில் கேட்டபோது, தான் கடைக்குப் போயிருந்ததாகச் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே குழந்தை நல இலாகா அதிகாரிகள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய் ஆஸ்பத்திரியில் இருப்பதால் பிள்ளையை நெருங்கிய சொந்தத்திடம் ஒப்படைக்க வேண்டுமாம். அதாவது எராஸ்மோவின் அம்மாவிடம். மசாயாவிலிருந்து அப்போதுதான் திரும்பிய லிஹியா சட்டம் பேசிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். அவர்கள் கொண்டுவந்த காகிதத்தில் எங்கள் முகவரி துல்லியமாக இருந்தது. இதானியா என் பாவாடையைப் பிடித்த பிடியை நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “எதையும் உளறி வைக்காதே” என்று லிஹியா சொல்லி அனுப்பியிருந்தாள். தமாரிஸின் இரண்டு கையும் முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தன. நான் கொண்டுபோன சோற்றை ஸ்பூனில் ஊட்டினேன். நாலு வாய்க்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“தமாரிஸ், முகவரியில அந்த வார்த்தையை அடிச்சது நான்தான். போலீஸ் தப்பான வீட்டுக்குப் போனது என்னால.”

அவள் மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

“தெரியும்க்கா. நீங்க படிச்சுக் காட்டினப்பவே தெரிஞ்சுது. அங்க இப்ப பேக்கரி இல்லையேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. காகிதத்துல அப்படித்தான் எழுதுவாங்க போலன்னு விட்டுட்டேன். நீங்க படிச்சவங்க, நான் என்னத்தைச் சொல்றது.”

என்னைக் காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“வாக்குமூலம் கொடு. லிஹியா எல்லாம் தயாரா வச்சிருக்கா. இந்தத் தடவை அவனை உள்ள தள்ளிடலாம்” என்றேன்.

“கொடுத்துட்டேன். கொல்லையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டேன்.” என் முகத்தைப் பார்த்து, “பிள்ளை அங்க இருக்குக்கா” என்றாள். “நான் அவன்கூட வீட்டுக்குப் போனாத்தான் கிழவி அவளைத் தருவா. கையும் இல்லாம நான் தனியா எங்க போறது? யாரு எனக்கு ஊட்டுவா?”

எங்கள் வீட்டில் இரு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கட்டிலில் அதற்குள் வேறொருத்தி படுத்திருந்தாள். இன்னொரு வாய் ஊட்டினேன்.

“நாலு மணிக்கு அவன் வருவான். கிளம்புங்கக்கா. உங்களை இங்க பாத்தான்னா வீட்டுக்குப் போனப்புறம் என்னைத்தான் கேப்பான்.”

படி இறங்கி வரும்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கீழே வாசலில் ஒருவன் மூடிபோட்ட தூக்குப் பாத்திரத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். சலவைச் சட்டை, தொப்பிக்குக் கீழே தண்ணீர் தொட்டுச் சீவிய தலை. மனுவோடு இணைத்த அடையாள அட்டை நகலில் அந்த முகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன். அவனுக்கு என்னைத் தெரியாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

“அம்மா, எலும்பு முறிஞ்ச பொம்பளைங்களைக் காலைல வேற வார்டுக்கு மாத்திட்டாங்களாம். எங்கன்னு தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தப்பாகச் சொல்லி அலையவிட்டிருக்கலாம். தூக்கில் இருக்கிற சூப் ஆறுவதற்குள் அவன் கட்டிலுக்குப் போய்ச் சேராவிட்டால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

“ரெண்டாவது மாடி” என்றேன். “வலது பக்கம் மூணாவது கதவு. ஜன்னலோரக் கட்டில்.”

“நல்லாயிருங்கம்மா” என்று சொல்லிவிட்டு அவன் படியேறினான்.