மிளகளவு துளை

அம்மா போன மறுவருஷம் வீட்டைக் காலி செய்தபோது அக்காவும் தம்பியும் பீரோவுக்குச் சண்டை போடவில்லை, கட்டிலுக்குப் போடவில்லை. ஒரு முழத் தண்ணீர்க் குழாய்க்குப் போட்டார்கள்!

கல்லூரியில் இயற்பியல் நடத்திய அம்மா, மிஞ்சிய பிளாஸ்டிக் குழாயில் ஆறு துளை போட்டுச் செய்த புல்லாங்குழல் அது. அடுக்களை முழுக்கப் பறந்த வெள்ளைத் தூளும், "ஒலியோட வேகத்தைக்கூடப் பிடிச்சிடலாம், உங்க ரெண்டு பேரைப் பிடிக்க முடியலையே" என்று அவள் போட்ட சத்தமும் தம்பிக்கு அப்படியே நினைவிருந்தன.

"இத்தனை வருஷமா ஊதினது நான். எனக்குத்தான்."

"ஆமா, அக்கம்பக்கத்துல கேட்டுப் பாரு, உன் பெருமையைச் சொல்லுவாங்க." சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, அப்படியே கோணிப்போன வலது மோதிர விரலை ஆட்டினாள் அக்கா. "ஹாஸ்டலுக்குக் கிளம்புறப்ப அம்மா முதல்ல என்கிட்டதான் நீட்டினா. நான்தான் வாங்கிக்கூடப் பார்க்காம, வேணாம்னுட்டுப் போனேன்."

தம்பி ஏ.சி. குழாய் பொருத்துகிறவன், அளவெடுப்பதில் கில்லாடி. இன்னொன்று செய்து அக்கா தலையில் கட்டிவிடலாம் என்று திட்டம். சூத்திரப்படி துளைகளைக் குறித்தான். ஐந்து, அம்மாவின் குழலோடு ஒத்துப்போயின. கடைசித் துளைதான் இடித்தது. பட்டாணியளவு இருக்கவேண்டிய அது, அம்மாவின் குழலில் மிளகளவில், ஒரு விரற்கடை மேலே இருந்தது. அம்மாவுக்கே கை தவறிவிட்டதே என்று சிரித்துக்கொண்டு, சரியான இடத்தில் துளையிட்டான்.

இரண்டையும் ஊதிப் பார்த்தான். ஒரே சுருதி! துளை வாய்ப்பக்கம் ஏறினால் சுருதி ஏறும், சிறுத்தால் இறங்கும். அம்மா ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்டியிருந்தாள். தவறவே இல்லை. அப்புறம் எதற்கு இந்த வேண்டாத வேலை?

"இந்தா, உனக்குப் புதுசு." அக்காவிடம் நீட்டினான்.

ஐந்து துளையை மூடிவிட்டாள். கோணல் விரல் ஆறாவதுக்கு எட்டவில்லை.

"இதென்னடா, எட்ட மாட்டேங்குது?"

பழையதை எடுத்து வைத்தாள். விரல் நேராகப் போய் அந்த மிளகுத் துளையில் உட்கார்ந்தது.

அந்தத் துளை விரலை இழுக்கிறது என்று சின்ன வயதில் அவன் எத்தனை முறை கத்தியிருப்பான்! "பழகிக்கோடா" என்பாள் அம்மா. இது உனக்காகச் செய்ததல்ல என்று ஒரு நாளும் சொன்னதில்லை, மகராசி. அவனுக்குப் பொறாமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

"உன் விரலுக்குன்னே பண்ணியிருக்காக்கா," என்றான். புதியதைத் தன் பையில் செருகிக்கொண்டான். "ஊது."

"எனக்கு ஊதத் தெரியாதேடா."

"தெரிஞ்ச வரைக்கும் ஊது."

வெறும் காற்றுதான் வந்தது. அக்கா அழுதாள், அந்த விரலை மட்டும் எடுக்கவில்லை.