தேதிப் பெட்டியும் முகமில்லாத ஆளும்

1

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஓசியில் கொடுத்தால் மட்டும் போதாது. கொடுத்தவர் கைகட்டி நின்று திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததே அந்த எரிச்சலில்தான். கிழவரின் மகள் இணையதளங்களுக்கு உதிரிச் சாமான் செய்கிறவள். அழுத்தும் பொத்தான், தொட்டால் விரியும் பட்டியல், தேதி தேர்ந்தெடுக்கும் சின்னப் பெட்டி. செய்ததை ஓப்பன் சோர்ஸ் என்று பொதுவில் வைத்துவிடுவாள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தளத்தில் பொருத்திக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆஸ்பத்திரி, பஸ் டிக்கெட் என்று பல்லாயிரம் தளங்களில் அவளுடைய தேதிப் பெட்டிதான் இருக்கிறது. 'நிறம் கண்ணை உறுத்துகிறது, நாளைக்குள் மாற்று' என்று ஒருவன் எழுதியிருந்தான். நாளைக்குள்ளாம்.

(அந்தக் கிழவர்தான் இதை எழுதுகிறவர். 'நான்' என்று எழுதினால் சாட்சிக் கூண்டில் ஏறியது போல இருக்கிறது. அதனால் ஆளைத் தள்ளி நிறுத்தியாகிவிட்டது.)

2

முதல் தொடக்கம்: அன்று காலை வெயில் சன்னல் வழியே

வேண்டாம். வெயிலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். இது இருக்கட்டும்.

பிரசவத்துக்கு மூன்று வாரம். பெட்டி பழுதானால் பார்க்க வேறு ஆள் இல்லை. எட்டு மாதமாக ஒருவன் அவள் விட்ட பிழைகளைக் கண்டுபிடித்து, திருத்தி அனுப்பிக்கொண்டிருக்கிறான். பெயர் 'பூனைவால்'. ஆமாம், அவ்வளவுதான் பெயர். அவனிடம் சாவியைக் கொடுக்கப் போகிறாளாம். சாவி* கையில் இருந்தால் அவளைக் கேட்காமலே பெட்டிக்குள் எதையும் மாற்றலாம். மாற்றியது அத்தனை தளங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

* இரும்புச் சாவி இல்லை. ஒரு பொத்தானை அழுத்தித் தரும் அனுமதி. இரும்பாக இருந்தாலாவது திரும்ப வாங்கலாம்.

3

"ஆளைப் பாத்திருக்கியா?"

"இல்லப்பா."

"குரலாவது கேட்டிருக்கியா?"

"இந்த வேலையில யாரும் யாரையும் பாக்கறதில்லப்பா. செஞ்சு அனுப்புற வேலையைப் பாத்துத்தான் ஆளை எடைபோடுவோம்."

"முப்பது வருஷம் கம்பெனி கேட்டுல காவல் நின்னவன் நான். திருட வர்றவன்தான் முதல்ல பவ்யமா வணக்கம் வைப்பான்."

"எட்டு மாசமாவா வைப்பான்?"

"பெரிய திருட்டுன்னா வைப்பான்."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான் வலியில கிடக்கும்போது பெட்டி நின்னுபோனா நீங்களே பாத்துக்குங்க. டாக்டரைப் பாக்கத் தேதி கிடைக்காம நிக்கிறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

(எழுதும்போது நறுக்கென்று ஒரு பதில் தோன்றியது. அப்போது தோன்றாததை இப்போது போட்டால் அது பித்தலாட்டம்.)

4

பூனைவாலுக்கு ஒரு முகம் எழுதிப் பார்த்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்ட... அடித்துவிட்டார். மீசை வைத்ததும் திருடனாகிவிட்டான். மீசையை எடுத்ததும் மருமகன் ஜாடை வந்துவிட்டது. (மருமகன் மேலும் பெரிய நம்பிக்கை இல்லை. அது வேறு கதை.)

முடிவு ஒன்று: பூனைவால் பெட்டிக்குள் கள்ளத்தனமாக எதையோ சொருகுகிறான். ஊரார் விவரமெல்லாம் களவு போகிறது. கிழவர் சொன்னதே பலிக்கிறது. எழுத எழுதக் குஷியாக இருந்தது. அடுத்த வரியில் மகள் கைக்குழந்தையோடு அழுதாள். காகிதத்தைக் கிழித்துவிட்டார்.

முடிவு இரண்டு: பூனைவால் தங்கமானவன். இதை எவன் நம்புவான்?

5

நடந்தது இவ்வளவுதான். மகள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க வேண்டாம்னா வேண்டாம்பா. சொல்லுங்க."

கிழவர் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலிக்குக் கீழே தொங்கிய அவள் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் கிடந்தன.

"அழுத்தித் தொலை."

அழுத்தினாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அவளே படித்துக் காட்டினாள்: "நீங்க நிம்மதியா தூங்குங்க, நான் பாத்துக்கறேன்."

நல்லவனும் இதைத்தான் சொல்வான். மற்றவனும் இதைத்தான் சொல்வான். ஆனால் மகள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். பட்டப்பகலில் அவள் தூங்கி எத்தனையோ மாதம் ஆகிறது.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கிழவர் மடிக்கணினியைச் சத்தமில்லாமல் மூடினார், செருப்பை மாட்டினார், படியிறங்கினார்.

"பூனைவாலாம்," என்றார் தெருவில், யாரிடம் என்றில்லாமல். "பேரைப் பாரு."