சாணைக் கூலி

...வேதாகமத்தில் அந்த இடத்தை அரம் என்றே எத்தனை நூறு வருடம் படித்துவிட்டார்கள், பீம் என்ற எபிரேயச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் குத்துமதிப்பாக அரம் என்று போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள், பாவம், கடைசியில் இதோ என் தராசில் உட்கார்ந்திருக்கிற மாதிரிக் குண்டுக்கற்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்து, நான் எடைக்கல் ஐயா, என் எடைக்கு வெள்ளி கொடுத்தால் கொல்லன் ஏர்க்கொழு தீட்டித் தருவான், அதுதான் கூலி என்றன. எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. வேதாகமக் கதை எபிரேயரின் முதல் ராஜா காலத்தது, கல்லோ முந்நூறு வருடமாவது பிந்தியது, எழுதியவன் தன் காலத்துக் கூலியைப் பழைய கதைக்குள் வைத்துவிட்டான்... விலைவாசி வாயைத் திறந்தால் தேதியை உளறிவிடும் என்று வகுப்பில் சொல்வேனே. கூலி என்றதும் அப்பாவின் தையல் கடை, சாக்பீஸ் தூள், சூடான இஸ்திரி வாசனை, மேஜைக்கடியில் வெட்டுத்துணியோடு நான்... மண்ணைத் தோண்டப் போறவ இந்த வாசல மிதிக்காதே என்றாரே. பதினோரு வருடம் மிதிக்கவில்லை. அவர் இறந்த பிறகு அக்கா எடுத்துக் கொடுத்த அவர் கடிதம், மேலே நான் கிளம்பிய நாளின் தேதி, 'கோபமெல்லாம் போயிடுச்சும்மா. கத்திரி மழுங்கிடுச்சு, சாணைக்காரன் பன்னிரண்டு ரூபா கேக்கிறான், பாவி. நீ இருந்தா பேரம் பேசுவே.' அன்றைக்கே மன்னித்துவிட்டார் என்பதை வைத்துத்தானே இத்தனை நாள் ஓட்டினேன்... பன்னிரண்டா? கிளம்பிய வாரம் நான்தானே கத்திரியைத் தூக்கிக்கொண்டு போனேன், ஐந்து கேட்டான், நாலுக்கு முடித்தேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "சாணை பன்னிரண்டா? அது மெஷின்காரன் வந்தப்புறம்டி, நீ போய் ஏழு வருஷம் கழிச்சு. இப்ப எதுக்குக் கேக்கிற?" சும்மாதான் என்றேன்.

ஏழு வருடம். நிஜமாகவே கோபமாக இருந்திருக்கிறார், வலிக்கிறது, ஆனால் சிரிப்பும் வருகிறது, துணியில் கத்திரியே வைக்காமல் காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க என்று சொல்கிற மனிதர், தையல்காரர் சொல்லும் தேதியை எவள் நம்புவாள், நான் நம்பினேனே... பழைய தேதியைப் போட்டு அந்த ஏழு வருடமும் நடக்கவே இல்லை என்று ஆக்கப் பார்த்திருக்கிறார், வெட்கப்பட்டிருக்கிறார் அப்பா. அன்றைக்கே மன்னித்தவரைவிட இவர் எனக்கு நெருக்கமாக இருக்கிறார். எழுதிய பிறகும் நாலு வருடம் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்தார், அனுப்பவில்லை, சரி, அவருக்கு வெட்கம்... அந்த நாலு வருடமும் வாசலை மிதிக்காமலிருக்க எனக்கு என்ன?