ஊற்றாத மதியச் சாப்பாடு

1

இந்தக் கதை எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. என் அக்கா நர்ஸ். தண்ணீர் ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து ஆன்லைன் பயிற்சி பார்த்துக்கொண்டிருந்தாள்: விழுங்க முடியாத நோயாளிக்கு, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில் உணவு கொடுப்பது எப்படி. நான் தலையில் துண்டோடு குறுக்கே போனேன்.

"பின்னாடி போறவரும் ஊழியரா?" என்றார் பயிற்சியாளர்.

"இல்ல மேடம், என் தம்பி. கதை எழுதுறவன்."

"அப்ப கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைங்க."

திருப்பினாள். என் காதைத் திருப்ப யாராலும் முடியவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வார்டெங்கும் மரணத்தின் வாசனை—

("பினாயில் வாசனைதான்டா வரும்" என்றாள் அக்கா. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

நடந்தது இதுதான். வகுப்பு முடிந்த மறுநாள். பக்கவாதம் வந்த பஸ் டிரைவர் ஒருவர் குழாயைப் பிடுங்கிவிட்டார். இன்னொரு நர்ஸ் புதிதாகப் போட்டார்.* மதியம் உணவு கொடுக்கப் போனது அக்கா.

அதுவரை அவள் குழாயில் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்டால் ஊற்றிவிடுவாள். அந்தச் சத்தம் ஏமாற்றும் என்றது வகுப்பு. உள்ளிருந்து கொஞ்சம் திரவத்தை உறிஞ்சிச் சோதனைத் தாளில் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிற்று அமிலம் என்றால் நிறம் மாறும்.

பழக்கதோஷத்தில் முதலில் காற்றை அடித்தாள். களக்கென்று சத்தம் நன்றாகவே கேட்டது. தாளில் மட்டும் நிறம் மாறவில்லை.

"காலைலேர்ந்து அவருக்கு ஒண்ணும் போகல சிஸ்டர்" என்றார் டிரைவரின் மனைவி. "எப்பவும் சத்தம் கேட்டா ஊத்துவீங்களே."

"நேத்து வரைக்கும் ஊத்தினேன்மா. சத்தத்தை நம்பக் கூடாதுன்னு நேத்து போன்ல வகுப்பு எடுத்தாங்க. இன்னைக்கு எக்ஸ்ரே பாத்துட்டுத் தரேன்."

"போன்ல எதையோ படிச்சிட்டு வந்து பட்டினி போடுறீங்க."

அக்கா டாக்டரிடம் எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதி வாங்கினாள். எக்ஸ்ரேயில் குழாய் நுரையீரலுக்குள் இருந்தது.

* இவரை வில்லியாக்கலாமா என்று சபலம் தட்டியது. கவனமாகத்தான் போட்டாராம்; குழாய் சில சமயம் வழி மாறிவிடுமாம்.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். உச்சக்கட்டத்துக்காக அலாரம் அலற, டாக்டர் ஓடி வர—

"யாரும் ஓடலடா. எக்ஸ்ரேக்கு வரிசைல நின்னோம்."

"அப்ப கதைல என்னதான் நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல. அதுக்குத்தானே அந்த வகுப்பு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "படத்தைப் பாத்ததும் பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திட்டு நின்னேன்."

(இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.)

5

ஊற்றியிருந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் விளக்கியதும் டிரைவரின் மனைவி சுவரோடு சாய்ந்துவிட்டார். "நான்தானே அவசரப்படுத்தினேன்."

"பசிச்ச மனுஷனுக்குச் சாப்பாடு கேட்டீங்க. அதுல என்ன தப்பு?" என்றாள் அக்கா.

குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். தாள் நிறம் மாறியது. அக்கா கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சிரிஞ்சை அந்த அம்மா கையிலேயே கொடுத்துப் பக்கத்தில் நின்றாள். உணவு மெல்ல இறங்கியது.

"ருசி எப்படி?" என்று கேட்டார் மனைவி.

பேச முடியாத டிரைவர் ஒற்றைப் புருவத்தை உயர்த்தினார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம்.

அவர் குணமாகி மீண்டும் பஸ் ஓட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன். இன்னொன்று எழுதினேன்; அதை உங்களிடம் காட்ட மாட்டேன். இரண்டையும் கிழித்தாயிற்று. அவர் இன்னும் அந்தக் கட்டிலில்தான் இருக்கிறார்.

புருவம் என்ன சொன்னது என்று அக்கா கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சமாச்சாரமாம். என்னாலும் இட்டுக்கட்ட முடியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.